அப்பா பாடாத பாட்டில் அப்பாவின் குரல்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர்களை எடுத்துவிட்டு, ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் மாற்றி, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய அப்பா பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டப் போனார். பகலெல்லாம் காட்டில் வேலை. பொழுது சாய்ந்தால், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் ஆர்மோனியம். மாரியம்மனுக்கும் முனீஸ்வரனுக்கும் முருகனுக்கும் 34 பாடல்கள் எழுதியிருக்கிறார். அதில் 25 பாடல்களுக்கு மெட்டும் அவருடையதே. மற்ற ஒன்பதும் அந்தக் காலத்துச் சினிமா மெட்டில் எழுதியவை. எல்லாம் ஒரு பழைய செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் வருகைப் பதிவு) புத்தகத்தின் வெற்றுப் பக்கங்களில் இருக்கின்றன. சில பாடல்களுக்கு மேலே தேதியும், எந்தக் கோயில் திருவிழாவுக்கு எழுதியது என்ற குறிப்பும் உண்டு. 1991-இலும் 1994-இலும் இரண்டு ஒலிநாடாக்கள் வந்தன. வெளியிட்ட நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் 600 வெள்ளியை (ரிங்கிட்) கையில் கொடுத்தது. ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. 2021-இல், கொவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்த நாட்களில், அப்பா காலமானார். ஊரில் எல்லாச் சாவு வீட்டிலும் விடிய விடியப் பாடியவருக்குப் பாட ஓர் ஆள் வர முடியவில்லை.

அப்பாவின் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவரை இந்தச் சகோதரி சிறு வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுகிறார். குழுவை இப்போது அவர்தான், அப்பாவின் பெயரிலேயே, நடத்துகிறார். ஆண்டுதோறும் நினைவு இசை இரவு, நுழைவுச் சீட்டு 50 வெள்ளி. அப்பாவின் படம் போட்ட டி-சட்டை 35 வெள்ளி. பழைய ஒலிநாடாப் பாடல்கள் யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் ஏறிவிட்டன. அப்பாவின் திதிக்காக இந்த மகள் குடும்பப் படங்களைத் தொகுத்து, பின்னணியில் அவர் பாட்டைச் சேர்த்து யூடியூபில் போட்டால், ‘இந்த இசையின் உரிமை இன்னொருவருடையது’ என்று அறிவிப்பு வருகிறது. கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன், மூத்த பிள்ளை என்ற முறையில், மாமாவிடம் 3,000 வெள்ளி வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இந்தத் தைப்பூசத்துக்கு முன்பு, அப்பாவின் குரலில் ஒரு புதிய பாட்டு வந்தது. ஏஐ வைத்துச் செய்தது. நடுவில் ஒரு நகைக்கடையின் பெயரையும் அந்தக் குரல் சொல்கிறது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று முழுவதும் கேட்டாராம். “இது உங்கப்பா குரல்தான். ஆனா மூச்ச காணோமே” என்றாராம்.

சகோதரியின் கேள்விகள் நான்கு. அப்பா எதையும் பதிவு செய்யவில்லையே, எங்களுக்கு உரிமை உண்டா? கட்டிக்கொடுத்த பெண் நான், கேட்கலாமா? அம்மன் பாட்டுக்குக் காசு கேட்பது பாவம் என்கிறார் அம்மா, அவருக்கு என்ன பதில் சொல்வது? அந்தப் பாட்டை நிறுத்த முடியுமா?

சகோதரி, பழைய ஒலிநாடாவில் சரணம் எடுப்பதற்கு முன் அப்பா மூச்சை இழுப்பது கேட்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கணினி துடைத்துப் போட்ட அந்த மூச்சைத்தான் அம்மா தேடியிருக்கிறார். இறந்தவரின் குரலையும் முகத்தையும் சொத்து போலக் கருதித் தனியாகக் காக்கும் சட்டம் மலேசியாவில் இல்லை. அதனால் கைகட்டி நிற்க வேண்டும் என்று பொருளில்லை. வேறு சட்டங்களின் வழியாகப் போய்த் தடுக்கலாம். ஆனால் அந்த வழிகளில் பெரும்பாலானவை உங்கள் குடும்பம் இன்னும் எடுக்காத ஒரு தாளில் போய் முட்டுகின்றன. அதைச் சொல்வதற்கு முன் இரண்டு பயங்களைப் போக்கிவிடுகிறேன்.

பதிவு செய்யாததால் உரிமை போய்விடாது. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்த உழைப்பில் உருவான ஒரு பாட்டு எழுத்திலோ ஒலிப்பதிவிலோ வந்துவிட்டால் அந்தக் கணமே உரிமை பிறந்துவிடுகிறது. அப்பா செக்ரோல் புத்தகத்தில் பேனாவை வைத்த இரவே அது அவருடையது. 2012 முதல், மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் பதிப்புரிமையைத் தாமாக முன்வந்து அறிவிக்கும் முறை இருக்கிறது. அது பின்னால் சாட்சிக்கு உதவும், அவ்வளவுதான்.

கட்டிக்கொடுத்த பெண் என்ற பேச்சையும் விடுங்கள். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தைப் பிரிக்கும் 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் மகன், மகள், மூத்தவர், இளையவர், மணமானவர், ஆகாதவர் என்று பார்ப்பதே இல்லை. அப்பாவின் பெற்றோர் உயிரோடு இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. நீங்கள் மூன்று பேர். பாட்டிலிருந்து 900 வெள்ளி வந்தால் அம்மாவுக்கு 300, அண்ணனுக்கும் உங்களுக்கும் தம்பிக்கும் தலைக்கு 200. கொள்ளி வைத்தவர் என்பதற்காக அண்ணனுக்கு ஒரு சென்கூட அதிகமாகப் போகாது.

கல்யாணத்துக்குச் சர்ட்டிபிகேட் இல்லை என்று அம்மா பயப்படுவதாக ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்துக் குடும்பங்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது. அவர்கள் கல்யாணம் 1979-இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1-ஆம் தேதி. அதற்கு முன் சடங்குப்படி முறையாக நடந்த திருமணத்தைப் பதிவானதாகவே அந்தச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. கோயில் கடிதம், பழைய படங்கள், உங்கள் மூவரின் பிறப்புப் பத்திரங்கள், தாலி கட்டியதைப் பார்த்தவர் ஒருவரின் சத்தியப் பிரமாணம் ஆகியவற்றைத் திரட்டி வையுங்கள். 1982-க்குப் பிறகு கோயிலில் மட்டும் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டவர்கள் இதைப் படித்தால், அவர்கள் நிலை வேறு. இருவரும் உயிரோடு இருக்கும்போதே போய்ப் பதிந்துகொள்ளுங்கள்.

‘அப்பா பாட்டு’ என்பதற்குள் நான்கு பொருள்

நீங்களும் மாமாவும் அண்ணனும் ‘அப்பா பாட்டு’ என்று ஒரே சொல்லில் பேசுகிறீர்கள். சட்டத்தின் கண்ணில் அதற்குள் நான்கு பொருள்கள் இருக்கின்றன: வரிகளும் மெட்டும் ஒன்று, ஒலிநாடாவில் பதிந்த ஒலி ஒன்று, பெயரும் படமும் ஒன்று, குரல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் வேறாக இருக்கலாம்.

வரிகளும் மெட்டும் எழுதியவருக்குச் சொந்தம். அவர் காலத்துக்குப் பிறகு இன்னும் 50 ஆண்டுகள். அந்த 50, இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து தொடங்கும். உங்கள் அப்பாவின் பாடல்களுக்கு 2071 டிசம்பர் 31 வரை காலம் இருக்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை வரும். ஒப்பிட்டுப் பார்க்க, புகழ்பெற்ற மலாய்த் திரை, இசைக் கலைஞர் பி. ரம்லி இறந்தது 1973-இல். அவர் தனியாக இயற்றியவற்றுக்கு இந்த 50 ஆண்டுக் கணக்கு 2023 முடிவோடு தீர்ந்தது.

சினிமா மெட்டில் எழுதிய ஒன்பது பாடல்களை இந்தக் கணக்கிலிருந்து தனியே எடுத்து வைத்துவிடுங்கள். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வரிகள் அப்பாவுடையவை என்றாலும் மெட்டுக்குச் சொந்தக்காரர் இந்தியாவில் இருக்கிறார், அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கோயில் பாட்டுக்காரர்கள் எல்லாரும் செய்ததுதான், அப்பாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒன்பதை வைத்துக்கொண்டு மாமாவோடு வழக்காடினால், மெட்டுக்குச் சொந்தக்காரர் முன் நீங்களும் மாமாவோடு சேர்ந்து நிற்க வேண்டி வரும்.

மீதி 25-இல் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, அவருக்காகவே எழுதிக் கொடுத்த படைப்பு என்றால், வேறு ஏற்பாடு இல்லாத பட்சத்தில் உரிமை எழுதச் சொன்னவருக்குப் போய்விடும் என்று சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. ‘நாங்கள் சொல்லித்தான் எழுதினார், அதற்குத்தான் 600 வெள்ளி’ என்று ஒலிநாடா நிறுவனம் நாளை சொல்லலாம். அங்கேதான் செக்ரோல் புத்தகம் பேசும். 1986 பங்குனித் திருவிழாவுக்கு எழுதியது என்று அப்பாவே மேலே குறித்த பாட்டை 1991-இல் வந்த நிறுவனம் எழுதச் சொல்லியிருக்க முடியாது. அப்பா உரிமையை விற்றுவிட்டார் என்று அவர்கள் சொன்னால் அதற்கும் பதில் உண்டு: பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். வாய்ப்பேச்சும் 600 வெள்ளியும் போதாது.

ஒலிப்பதிவு வேறு கதை. பதிவுக்கு ஏற்பாடு செய்தவரே அதன் சொந்தக்காரர் என்று சட்டம் கருதுகிறது. ஸ்டூடியோவுக்குப் பணம் கட்டி, வாத்தியக்காரர்களை அழைத்து, ஒலிநாடா போட்டது அந்த நிறுவனம். எனவே 1991 பதிவு 2041 முடிவு வரை அவர்களுடையதாகவோ அவர்களிடம் வாங்கியவருடையதாகவோ இருக்கலாம். அலமாரியில் ஒலிநாடா இருக்கிறது என்பதால் அதிலுள்ள ஒலி உங்களுடையது ஆகிவிடாது. மாமாவுக்கும் இதே விதிதான். நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கியிருந்தால் ஒழிய, அந்தப் பதிவுகளை யூடியூபில் ஏற்ற அவருக்கும் உரிமை இல்லை. வாங்கியிருந்தாலும், அதற்குள் இருக்கும் வரிக்கும் மெட்டுக்கும் உங்கள் குடும்பத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

திதிக் காணொலிக்கு வந்த அறிவிப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒரு பாட்டை விநியோகம் செய்யும் நிறுவனம் வழியாக யார் முதலில் ஏற்றி, ‘இது என்னுடையது’ என்று குறிக்கிறாரோ, அவர் பக்கம் யூடியூபின் தானியங்கிப் பொருத்தம் சாய்ந்துவிடும். அது ஒரு கணினியின் அனுமானம். நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில்லை. மறுப்புத் தெரிவிக்கலாம், எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. ஆனாலும் இப்போது மறுக்காதீர்கள். பதிவின் உரிமை யாரிடம் என்று தெரியாமல் மறுத்து, அவர்கள் நீக்கக் கோரிக்கை அனுப்பினால் உங்கள் கணக்கில் எச்சரிக்கை விழும். அப்படி மூன்று விழுந்தால் கணக்கே போய்விடும்.

முதலில் எடுக்க வேண்டிய தாள்

அந்தத் தாளை எல்.ஏ. என்று எல்லாரும் சொல்வார்கள், மலாயில் சூராட் குவாசா மெந்தாட்பிர். இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரம். பதிப்புரிமை அசையும் சொத்தாக வாரிசுகளுக்கு இறங்கும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. என்றாலும் எல்.ஏ. எடுக்கும்வரை மனைவியோ மகனோ மகளோ அந்தச் சொத்தின் பெயரால் விற்கவும் அனுமதி தரவும் வழக்குப் போடவும் முடியாது.

தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் மலிவு விலை வீடு இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது என்கிறீர்கள். ஒரு வகையில் அதுவே உங்களுக்கு வசதி. அசையாச் சொத்து இருப்பதால் உயர்நீதிமன்றம் வரை போகாமல், 1955-ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின்படி, நில அலுவலகத்தின் புசாக்கா (வாரிசுச் சொத்து) பிரிவில் பாரம் ‘ஏ’ நிரப்பிக் கொடுக்கலாம். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. எந்த அலுவலகம் என்று அங்கே விசாரியுங்கள். வாரிசுகள் எல்லாரையும் கூப்பிட்டு விசாரணை நடத்துவார்கள். அங்கேயே ஒருவரை நிர்வாகியாக நியமிக்கக் கேளுங்கள். வீடு இல்லாமல், 6 லட்சம் வெள்ளிக்கு மேற்படாத அசையும் சொத்து மட்டும் இருப்பவர்கள் அரசாங்க அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவுக்குப் போகலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வழியில்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவித் துறையான ஜபாத்தான் பந்துவான் குவாமானைக் கேட்கலாம்.

சொத்துப் பட்டியலில் எல்லாரும் வீடு, பேங்க் கணக்கு, மோட்டார் சைக்கிள் வரை எழுதுவார்கள். பாட்டை எழுதுபவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். 25 பாடல்களின் தலைப்புகளையும் வரிசையாக எழுதி, ‘இவற்றின் வரி, மெட்டு ஆகியவற்றின் பதிப்புரிமை’ என்று கீழே சேருங்கள். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத் தொகை வசூலிக்கும் எம்ஏசிபியில் அப்பா எப்போதாவது உறுப்பினராக இருந்தாரா என்றும் கேட்டு வையுங்கள்.

அண்ணன் வாங்கிய 3,000 வெள்ளி

எல்.ஏ. இல்லாத நிலையில் அண்ணன் போட்ட கையெழுத்து அப்பாவின் சொத்தைக் கட்டுப்படுத்தாது. மூத்த பிள்ளை என்பது வீட்டில் மரியாதை, சட்டத்தில் அதிகாரம் கிடையாது. மாமா நஷ்டப்பட்டதாக நினைத்தால், அது அவருக்கும் அண்ணனுக்கும் இடையே உள்ள கணக்கு.

இதைக் கேட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். இதற்கு அடுத்த கட்டத்தில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. சொத்தைப் பிரித்து நால்வரும் கூட்டு உரிமையாளர்கள் ஆன பிறகு, அவர்களில் ஒருவர் எழுத்தில் கொடுக்கும் அனுமதி மற்றவர்களும் சேர்ந்து கொடுத்ததாகவே ஆகும். வரும் பணத்தை மட்டும் நியாயமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 27-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இன்று செல்லாத அண்ணனின் கையெழுத்து, பிரித்த மறுநாள் செல்லும். அதனால் விசாரணைக்குப் போகும் முன்பே நால்வரும் உட்கார்ந்து ஓர் உடன்படிக்கை எழுதுங்கள். பாட்டின் உரிமைகளை ஒருவர் பெயரில் அறங்காவலாக வைத்து, வருமானத்தை மட்டும் பங்கு பிரிப்பது நல்லது. நீங்களே அந்த ஒருவராக இருக்கலாம். அண்ணனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போலக் கூப்பிடாதீர்கள். அவர் கையெழுத்து இல்லாமல் இது முடியாது. அப்பா போன துக்கம் அவருக்கும்தான்.

அந்தக் குரல்

குரலுக்கென்று சட்டம் இல்லை என்றேன். இருப்பதை எடுத்துக்கொள்வோம். 25-ஆம் பிரிவு எழுதியவரின் மான உரிமையைக் காக்கிறது. எழுதியவர் பெயரை மறைத்தோ வேறு பெயர் போட்டோ வெளியிடக் கூடாது. அவர் மானத்துக்குக் குறைவு வரும்படி படைப்பைப் பெரிதாக மாற்றவும் கூடாது. பதிப்புரிமை வேறொருவர் கையில் இருந்தாலும் இந்த உரிமை எழுதியவரோடு நிற்கிறது. அவர் இறந்த பிறகு அவருடைய நிர்வாகி அதைக் கையில் எடுக்கலாம். மறுபடியும் எல்.ஏ. அந்தப் புதிய பாட்டில் அப்பாவின் பழைய வரிகளோ மெட்டோ கலந்திருக்கிறதா என்று ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள். பல்லவி மெட்டு அம்மன் பாட்டு ஒன்றைப் போல இருக்கிறது என்று உங்கள் தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையானால் வேலை எளிது: பதிப்புரிமை மீறல், மான உரிமை மீறல் இரண்டும் வந்துவிடும், முறையான நீக்க அறிவிப்பு கிடைத்த 48 மணி நேரத்துக்குள் இணையச் சேவையாளர் அதை எடுக்க வேண்டும் என்பதும் நம் சட்டத்தில் உண்டு. ஆனால் தெரிந்தே பொய் அறிவிப்புக் கொடுப்பது குற்றம். எனவே நிச்சயமான பிறகு கொடுங்கள்.

வரியும் மெட்டும் முழுக்கப் புதியவை என்றால், கேட்பவர் ‘இது அவர் பாடியது’ என்று நம்பி ஏமாறுகிறார் என்பதைப் பிடிக்க வேண்டும். பொய்யான வணிக விவரிப்பைத் தடுக்கும் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுக்கலாம். அவர் பெயருக்கு இருக்கும் மதிப்பைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று உரிமையியல் வழக்கும் போடலாம், ஆனால் அது செலவு பிடிக்கும், முடிவும் உறுதியில்லை. இறந்தவருக்காக மானநஷ்ட வழக்குப் போட முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். உரிமையியலில் முடியாது.

சட்டத்தைவிட இப்போது உங்களுக்குக் கைகொடுப்பது நம் இசையுலகத்தில் உருவாகிவரும் வழக்கம். 2024-இல் வந்த லால் சலாம் படத்துக்கு ஏ.ஆர். ரகுமான், 1997-இல் மறைந்த சாகுல் ஹமீதின் குரலையும் 2022-இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் ஏஐ கொண்டு கேட்க வைத்தார். இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்று, தொகையும் கொடுத்ததாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு, எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதி கேட்காமல் ஒரு தெலுங்குப் படத்தில் பயன்படுத்தியதற்காக அவர் மகன் சரண் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். இரண்டு சம்பவங்களும் இந்தியாவில் நடந்தவை, இங்கே யாரையும் கட்டாது. ஆனால் மாமா இசைக்காரர், இந்தச் செய்திகள் அவருக்குத் தெரிந்திருக்கும். ரகுமானே வீட்டில் கேட்டுத்தான் செய்தார் என்பதற்கு அவரிடம் பதில் இருக்காது.

டி-சட்டைக்கும் படத்துக்கும் அதிகம் சொல்ல வேண்டாம். படத்தின் உரிமை எடுத்தவருக்கு, அல்லது காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கு. ஸ்டூடியோவில் நீங்கள் காசு கொடுத்து எடுத்த படம் என்றால் அதை அச்சிட வேண்டாம் என்று சொல்லலாம். பெயரை யாராவது வணிக முத்திரையாகப் பதிய மனுக் கொடுத்திருக்கிறார்களா என்று மைஐபிஓவின் தேடல் பக்கத்தில் இந்த வாரமே பாருங்கள். இல்லையென்றால், எல்.ஏ. வந்ததும் நீங்கள் மனுக் கொடுங்கள். பதிவு பத்தாண்டு செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

அம்மாவும் மாமாவும்

அம்மனுக்கு எழுதிய பாட்டுக்குக் காசு கேட்கக் கூடாது என்கிறார் அம்மா. அவரை மாற்ற முயலாதீர்கள், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உரிமையைக் கையில் வைத்திருப்பது ஒன்று, காசு கேட்பது இன்னொன்று. உரிமை உங்களிடம் இருந்தால்தான் ‘எந்தக் கோயிலும் எந்த உருமி மேளக் குழுவும் இந்தப் பாடல்களைச் சந்நிதியில் இலவசமாகப் பாடலாம்’ என்று நீங்கள் எழுதிக் கொடுக்க முடியும். நகைக்கடைக்கு முடியாது என்று சொல்வதற்கும் அதே உரிமைதான் வேண்டும். இதை அம்மாவிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

மாமாவைப் பற்றி நீங்கள் எழுதிய பக்கங்களில் கோபம் இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் அவர் இல்லையென்றால், பூஞ்சை பிடித்த அந்த ஒலிநாடாக்களோடு பாடல்களும் போயிருக்கும் என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பி. ரம்லி 44 வயதில் இறந்தபோது கையில் காசில்லை. இன்று கோலாலம்பூரில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது, செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது. ஒரு கலைஞனின் பெயரைச் சாவுக்குப் பிறகு யாராவது சுமக்க வேண்டும். தோட்டத்துக் கவிஞனுக்கு அரசாங்கம் வராது, கூட வாசித்தவர்தான் வருவார். இடையிசையையும் வாத்தியக் கோப்பையும் மாமா அமைத்திருந்தால் அதில் அவருக்கும் பங்கு உண்டு. குழுவிலிருந்து அப்பாவின் பெயரைப் பிடுங்கி, பாடல்களை எல்லாம் இறக்கச் செய்தால் வழக்கில் நீங்கள் வெல்லலாம். அடுத்த பங்குனியில் பாட்டு கேட்காது.

என் ஆலோசனை, வழக்கை விட்டு ஒப்பந்தத்துக்குப் போங்கள் என்பதே. எல்.ஏ. வரும் வரை காத்திருக்காமல் இப்போதே பேச்சைத் தொடங்குங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்பாதீர்கள்; அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். இப்படித் தொடங்கலாம்: “மாமா, அப்பா பேரு நிலைச்சு நிக்கிறது உங்களாலதான். அத நாங்க மறக்கல. ஆனா அந்தப் புதுப் பாட்ட அம்மாவால கேக்க முடியல. அத எடுத்துடுங்க. மத்தத உக்காந்து பேசி எழுதிக்குவோம்.” அன்றைக்குப் பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

பிறகு எழுதும் ஒப்பந்தத்தில், 25 பாடல்களைப் பாடவும் பதியவும் குழுவுக்கு மூன்று ஆண்டு அனுமதி கொடுங்கள், நிரந்தரமாகக் கொடுக்காதீர்கள். எங்கே வந்தாலும் பாடல் வரி, மெட்டு என்று அப்பா பெயர் போட வேண்டும். இணைய வருமானம், நுழைவுச் சீட்டு, டி-சட்டை மூன்றிலும் குடும்பத்துக்கு எத்தனை விழுக்காடு என்று தனித்தனியாக எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டச் சொல்லுங்கள். இணையக் கணக்குகளைத் திறக்கும் விவரம் இரு தரப்பிடமும் இருக்கட்டும். அப்பாவின் குரலை ஏஐ கொண்டு உருவாக்குவது அம்மாவின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் கூடாது, அம்மாவுக்குப் பிறகு பிள்ளைகள் மூவரின் அனுமதி வேண்டும் என்று தனிப் பத்தியாக எழுதுங்கள். விளம்பரத்துக்கு எந்தப் பாட்டும் கூடாது என்பதையும் அங்கேயே சேருங்கள். எல்.ஏ. வந்ததும் நிர்வாகி கையெழுத்திட வேண்டும்.

மாமா மறுத்தால் வழக்கறிஞர் கடிதம், அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றம். சட்டப்படியான இழப்பீடாக ஒரு படைப்புக்கு 25,000 வெள்ளி வரை, மொத்தம் 5 லட்சத்துக்கு மேற்படாமல் நீதிமன்றம் கொடுக்கலாம். அது உச்சவரம்பு, அவ்வளவு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் சொல்லும் வருமானத்தைப் பார்த்தால் வழக்குச் செலவு அதை விழுங்கிவிடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். செக்ரோல் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாக, தேதியும் குறிப்பும் தெரியும்படி, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். அசல் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்துக்குத் தாள் புழுங்கிப்போகும். யார் கேட்டாலும், மாமாவே கேட்டாலும், வீட்டைவிட்டு வெளியே கொடுக்காதீர்கள். அப்புறம் அம்மாவை உட்கார வைத்து, தேதி இல்லாத பாடல்களை ஒவ்வொன்றாகக் காட்டி, எந்த வருஷம், எந்தத் திருவிழா, அப்போது யார் பிறந்திருந்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதைச் சத்தியப் பிரமாணமாக ஆணையர் முன் கையெழுத்திட வைக்கலாம். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். நடுவில் ஒரு வரியை அம்மா பாடிக் காட்டத் தொடங்கினால், கேள்வியை நிறுத்திவிட்டுப் பதிவை ஓட விடுங்கள்.